இரும்புச் சக்கரத்துக்குப் பல் கட்டியவள்

மெழுகில் பல்லை ஊன்றும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இடது உள்ளங்கையில் ஈறு நிறத்து மெழுகு அச்சு. வலது கையில் ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடேற்றிய சிறு கத்தி. தட்டிலிருந்து ஒரு முன்பல்லை விரல் நுனியில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, மெழுகில் வைத்து, கத்தியின் முதுகால் ஒரே ஒரு தட்டு. அதற்குப் பிறகுதான் மூச்சு வெளியே வரும். அதுவரை வாசலில் யார் நின்று கூப்பிட்டாலும் பதில் கிடையாது.

“பல்லு உட்கார்ற நேரத்துல நான் வாயைத் திறந்தா, அது சிரிக்காது சிஸ்டர், இளிக்கும்” என்பாள்.

அவள் பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள். தெருவில் எல்லாருக்கும் அவள் பல்செட்டம்மா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தபால்காரர் மட்டும் மரியாதையைக் கூட்டிப் ‘பல்செட் மேடம்’ என்பார். வீட்டின் முன்னறை அவளுடைய பட்டறை. பின்கட்டு அவள் கணவருடையது. அவர் தச்சர், கதவும் ஜன்னலும் செய்கிறவர். முன்னாலிருந்து அச்சு வார்க்கும் பிளாஸ்டர் தூள், பின்னாலிருந்து மரத்தூள். நடுவிலுள்ள சமையலறையில் இரண்டும் சந்தித்துக்கொள்ளும். அந்த வீட்டில் பாத்திரங்களை எப்போதும் கவிழ்த்தே வைப்பார்கள்.

நான் அங்கே பகலில் போகிறவள். ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, வீடுகளுக்குப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்கிறேன். அந்த வீட்டில் என் பொறுப்பு அவளுடைய மாமியார். கிழவிக்கு முறிந்தது இடுப்பெலும்பு மட்டும்தான். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

பல்செட்டம்மாவுக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, வாய் நிற்கும். “மேல் வரிசையில இடது பக்கம் ஒரு பல்லு முந்திக்கிட்டு நிக்குமே, அவரு வந்தாரு” என்று சொன்னால், வந்தது யாரென்று கணவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் பெண்ணைப் பார்த்து, “பாவம், இந்தப் பொண்ணுக்குக் கடி சரியில்ல. சாயங்காலமானா தலை வலிக்கும்” என்பாள். செய்தி என்னவென்று கேட்டால் தெரியாது. கைப்பையில் பணம் இல்லாமல் போகும் நாள் உண்டு. நீலக் காகிதச் சுருள் இல்லாமல் போன நாள் இல்லை. பல்லுக்கு நடுவில் அதை வைத்துக் கடிக்கச் சொன்னால், எந்த இடம் உயரமோ அங்கே நீலம் ஒட்டும். அந்த இடத்தைத் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் தொழிலின் சூட்சுமம் என்று அவளே சொல்லுவாள். அவளுடைய சொந்த முன்பல் ஒன்று கோணல். ஏன் சரிசெய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “நாலு பேர் அதைப் பாத்துட்டுத்தான், ‘பரவாயில்ல, நம்ம பல்லு இவளோடதைவிட நல்லாத்தான் இருக்கு’ன்னு தைரியமா உள்ள வர்றாங்க” என்றாள்.

மாமியாருக்கும் ஒரு முழு செட் செய்து வைத்திருக்கிறாள். நான் பார்த்த செட்டுகளில் அவ்வளவு இயல்பான ஒன்று இல்லை. ஆனால் அது கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரில்தான் கிடந்தது. கிழவி போட்டுக்கொள்ள மாட்டாள். “அவ செஞ்ச பல்லால நான் மென்னு தின்னா, நாளைக்கு என் வாயே அவளோடதுன்னு ஆயிடும் நர்சம்மா” என்று கஞ்சியையே குடித்துக்கொண்டிருந்தாள். மருமகள் தினமும் காலையில் கிண்ணத்துத் தண்ணீரை மாற்றி வைத்துவிட்டுப் போவாள்.

அவள் அந்த இரும்புச் சக்கரத்தின் விவகாரத்துக்குள் வந்தது தண்ணீர்க் குழாயால். பட்டறைக் குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. பிளாஸ்டர் கலக்க முடியவில்லை. புகார் சொல்ல நகரமன்றக் கூட்டத்துக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் முறை வருவதற்கு முன்னால் வேறொரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது: தெருக்கோடியில் ஆற்றை ஒட்டி நிற்கும் பழைய நீரேற்று நிலையத்தை இடிப்பது.

அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் நாங்கள் எல்லாரும் தினமும் போகிறோம். செங்கல் சுவர், வளைந்த உயரமான ஜன்னல்கள், புறா எச்சம். உள்ளே நீராவி இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் ஊர் முழுவதுக்கும் ஆற்றுத் தண்ணீரை ஏற்றிக் கொடுத்தது. மின்சார மோட்டார் வந்ததும் பூட்டிவிட்டார்கள். அதன் பெரிய சக்கரம் இரண்டு ஆள் உயரம். சக்கரம் இரும்பு, ஆனால் அதன் பற்கள் மரம். இரும்புப் பல் இரும்புப் பல்லோடு மோதினால் காது கிழியும், பல்லும் உடையும் என்பதால், அந்தக் காலத்தில் பெரிய சக்கரத்துக்கு மரப்பல்லும் அதைச் சந்திக்கும் சின்னச் சக்கரத்துக்கு இரும்புப் பல்லுமாக வைத்தார்களாம். பூட்டிய கட்டடத்துக்குள் கரையான் சாவகாசமாக வேலை பார்த்துவிட்டது. மரப்பல் ஒன்றுகூட மிச்சமில்லை. இரும்பு விளிம்பில் வரிசையாகக் குழிகள் மட்டும்.

நகரமன்றத் தலைவர் கெட்டவர் இல்லை. சந்தைத் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லாமல் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வது எனக்கே தெரியும். அவர் அந்த இடத்தை வண்டி நிறுத்தமாக்க நினைத்தார். எதிர்த்துப் பேச ஒரு பேராசிரியை வந்திருந்தார். பழைய ஆலைகள், பாலங்கள், சுரங்கங்கள், இயந்திரங்கள் இவற்றைப் படிக்கவும் காக்கவும் பல நாட்டவர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள்; அதில் அவர் பொறுப்பில் இருக்கிறவர். காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். இயந்திரத்துக்கு அடியில் புகுந்துவிட்டு நேரே வந்திருந்தார் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

“அரண்மனை இடிஞ்சா ஊரே அழும்” என்றார் பேராசிரியை. “அந்த அரண்மனைக்கும் குடிசைக்கும் சேர்த்துத் தண்ணி கொடுத்த இயந்திரத்துக்கு யாராவது ஒருத்தர் பேச வேண்டாமா?”

தலைவர் சிரித்தார். “அம்மா, அது பல்லு போன கிழம். படுத்தா எழுந்திரிக்காது. இன்னும் எத்தனை நாளைக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும்?”

எனக்கே சுருக்கென்றது, என் தொழில் அப்படி. ஆனால் நான் எழுந்திருக்கும் முன்னால் பக்கத்து நாற்காலி காலியாகியிருந்தது.

“பல்லு போனா கட்டிக்கலாங்க” என்றாள் பல்செட்டம்மா. “அதுக்குத்தானே நான் கடை போட்டு உட்கார்ந்திருக்கேன்? உங்க கீழ்வரிசைகூட நான் செஞ்சதுதான்.”

கூட்டம் கூரை அதிரச் சிரித்தது. தலைவரும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. சிரித்தபோது கீழ்வரிசை நன்றாகவே தெரிந்தது. பிறகு அவர் ஒரு பந்தயம் வைத்தார். பேராசிரியை சொன்னபடி அந்தச் சங்கத்துக்காரர்கள் பல நாடுகளைச் சுற்றிக்கொண்டு சில மாதங்களில் இந்த ஊருக்கு வரப்போகிறார்கள் அல்லவா? அவர்கள் வரும் நாளில் சக்கரம் சுற்றினால் இடிக்கிற பேச்சே இல்லை. சுற்றாவிட்டால் மறுநாள் இடிப்பு இயந்திரம் உள்ளே போகும். “எல்லாரும் சாட்சி” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். குழாய்ப் புகாரைச் சொல்லாமலே வீடு திரும்பினோம்.

“எதுக்கு வம்பு?” என்று வழியில் கேட்டேன்.

“பின்ன? பொக்கை வாய்னு சொல்லிக் குழி தோண்டினா, நான் எதுக்கு இருக்கேன்?” என்றாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அவளுக்கு அந்தக் கட்டடத்தோடு எந்தப் பூர்வ பந்தமும் இல்லை. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் வேறு ஊர்.

அடுத்த நாள் டார்ச்சும், கம்பியில் கட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழி குழியாகக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். வெளியே வந்து பேராசிரியையிடம், “ஈறு கெட்டியா இருக்கு. பல்லு மட்டும்தான் இல்ல. பழைய பல்லோட ஜாடை எப்படியிருக்கும்? போட்டோ இருக்கா?” என்று கேட்டாள்.

வரைபடம் இல்லை. இயந்திரத்தைச் செய்த பட்டறையை எந்தக் காலத்திலோ மூடிவிட்டார்கள். ஆனால் சங்கம் என்பது வெறும் பேச்சுக் கூட்டம் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். பேராசிரியை சக்கரத்தின் ஆரக்காலில் இருந்த, அந்தப் பட்டறையின் வார்ப்பு முத்திரையைப் படமெடுத்து எல்லா நாட்டு உறுப்பினர்களுக்கும் அனுப்பினார். நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர், நெசவாலையைப் பார்த்துக்கொள்கிறவர், கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்கிறவர் என்று எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் தங்கள் இரும்புகளைத் துடைத்து முத்திரை தேடினார்கள். கடல் தாண்டி ஒரு துறைமுகத்திலிருந்து பதில் வந்தது. கப்பல் பழுது பார்க்கும் தொட்டியிலிருந்து தண்ணீரை வெளியேற்றிய இயந்திரம். அதே பட்டறை, அதே ஆண்டு, அதே சக்கரம். மரப்பற்கள் தேய்ந்திருந்தாலும் அப்படியே இருந்தன. ஒரு வயிற்றில் பிறந்த இரட்டை.

அதைப் பார்த்துக்கொள்பவர் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடியோ அழைப்பில் வந்தார். பேராசிரியை இரண்டு மொழியும் பேசி நடுவில் உட்கார்ந்தார். ஒரு பல்லைக் கழற்றி அனுப்ப அவருக்கு ஆசைதான். ஆனால் அங்கே அது சட்டப்படி காக்கப்படும் சின்னம், ஓர் ஆணியைக்கூடத் தொடக் கூடாது. கணினியில் வடிவம் பிடிக்கும் கருவியைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். சக்கரத்தில் பாதி பள்ளத்துக்குள் இருக்கிறது. இடுக்கிலிருந்த எண்ணெய்ப் பளபளப்பில் கருவி கண் கூசி நின்றுவிட்டது.

“கழட்ட வேண்டாம்னு சொல்லுங்க” என்றாள் பல்செட்டம்மா. “வாய்க்குள்ள இருக்கிற பல்லை யாரும் கழட்டி அளவெடுக்கிறதில்ல. நான் பசை அனுப்புறேன். அச்சு எடுத்து அனுப்பச் சொல்லுங்க.”

வாயில் அளவெடுக்கும் ரப்பர் பசையை டப்பா டப்பாவாகக் கட்டி அனுப்பினாள். முதலில் வந்த அச்சைப் பார்த்துவிட்டு அவள் அலறிய அலறலில் மாமியார் கட்டிலிலிருந்து, “யாரு போயிட்டாங்க?” என்று குரல் கொடுத்தாள். அச்சு முழுக்கக் காற்றுக் குமிழ். பாதி இடத்தில் பல்லின் வடிவமே இல்லை.

“எச்சில் துடைக்காம அச்சு எடுத்தா இப்படித்தான் இருக்கும்னு அந்த அண்ணன்கிட்ட சொல்லுங்க!” என்றாள் வீடியோவில். பேராசிரியை அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, அந்த எஞ்சினியர் அவசரமாகத் தன் வாயைத் துடைத்துக்கொண்டார். எண்ணெயைச் சொல்கிறாள் என்று விளக்க ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு எண்ணெயை வழித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, பிஸ்கட் டப்பாவை வெட்டித் தட்டு செய்து, அதில் பசையை நிரப்பிப் பல்லின் மேல் அழுத்தும் வித்தையை இங்கிருந்து அவள் தன் கணவரின் முழங்கையில் செய்து காட்ட, அங்கே அவர் சக்கரத்தில் செய்தார். அடுத்து வந்த அச்சு கண்ணாடி மாதிரி இருந்தது. மரத்தின் இழைகூடத் தெரிந்தது.

அதில் பிளாஸ்டர் ஊற்றிப் பல்லை வெளியே எடுத்தாள். இரண்டு பக்கமும் மெலிந்த, நெடுங்காலம் உழைத்த பல். தேய்ந்த வாய்களுக்கு அவள் எப்போதும் செய்வதையே இதற்கும் செய்தாள்: மெழுகு ஏற்றி, இழந்த சதையைத் திருப்பிக் கொடுத்தாள். சின்னச் சக்கரத்தின் இரண்டு இரும்புப் பற்களுக்கு நடுவே அது கச்சிதமாக உட்காரும்வரை ஏற்றினாள். அதைப் பார்த்து மரத்தில் வெட்டுவது கணவர் வேலை.

“உன் பல்லுக்கு என் உளி பழக மாட்டேங்குதே” என்று அவர் முணுமுணுத்தார். “கதவுன்னா நாலு மூலை. இது என்ன, எந்தப் பக்கம் பாத்தாலும் வளைஞ்சுக்கிட்டே போகுது?”

“கல்யாணம் ஆனதுலேருந்து என் கோணப் பல்லைத்தானே பாக்குறீங்க? இன்னுமா பழகல?”

பின்கட்டில் இழைப்புளி ஓயாமல் ஓடியது. கதவு கேட்டு வந்தவர்கள் காத்திருந்தார்கள். பேருந்துப் பணிமனை ஆட்கள் விடுமுறை நாட்களில் வந்து பம்பைப் பிரித்துச் சரிபார்த்துப் பூட்டினார்கள். பழைய கொதிகலனை நம்பி நீராவி ஏற்ற முடியாது என்பதால், வெளியே ஒரு லாரியில் காற்றழுத்த இயந்திரத்தை நிறுத்தி அந்தக் காற்றால் ஓட்டுவதென்று முடிவாயிற்று. பல நாட்டுச் சங்கத்தில் இப்படித்தான் பழைய இயந்திரங்களை ஓட்டிப் பார்ப்பார்களாம். சக்கரத்தைத் தினமும் கையால் கொஞ்சம் திருப்பி வைக்கும்படி நானும் ஒரு வார்த்தை சொன்னேன். படுத்தே கிடந்த உடம்பை ஒரே நாளில் ஓடச் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

பற்கள் முழுவதும் பூட்டிய பிறகு சோதனை. நான்கு பேர் பிடித்துச் சக்கரத்தைத் தள்ளினார்கள். அது ஒரு முழம் நகர்ந்தது. ‘மடக்’ என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. ஒரு பல் வேரோடு பிளந்து கீழே விழுந்தது. இன்னும் அழுத்தித் தள்ளினார்கள், இன்னொன்று பிளந்தது.

அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். நீலக் காகிதத்தை இடுக்கில் விட்டு மெல்லத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கமும் நீலம், பின்பக்கமும் நீலம். எங்கேயும் உயரமில்லை, எங்கேயும் பள்ளமில்லை. “எல்லாப் பல்லும் சமமா கடிக்குது. இதைவிட நல்ல கடி கிடையாது. பின்ன ஏன்?” என்று என்னிடம் கேட்டாள். விருந்தாளிகள் அதே வாரம் வருகிறார்கள். அன்று பகல் முழுதும் அவள் பிளந்த பல்லையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரின் கிண்ணத்துத் தண்ணீரை மாற்றவும் மறந்தாள். ஆளைப் பார்த்தால், செய்து கொடுத்த செட்டை யாரோ காரித் துப்பித் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தாள்.

பேராசிரியைதான் துறைமுகத்தைக் கூப்பிட்டார். எஞ்சினியர் அவள் செய்த பல்லைக் கேமராவில் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டச் சொன்னார். பார்த்தார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

“என்னவாம்?” என்றாள் பல்செட்டம்மா, குரலில் கத்தியோடு.

பேராசிரியை மொழிபெயர்த்தார்: “வாயில பல்லு உட்காரணும், சக்கரத்துல பல்லு நழுவணும்ங்கிறார். தள்ளுற பக்கம் மட்டும்தான் தொடணுமாம். முதுகுப் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற அளவு காத்து போகணுமாம். நீங்க தேய்மானம்னு நினைச்சு மெழுகு வெச்சு ரொப்பினீங்களே, அதுல பாதி தேய்மானமே இல்ல. செஞ்சவன் வேணும்னே விட்ட இடைவெளி.”

அவள் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பினாள். கையிலிருந்த பல்லைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் வாய்க்கு வாய் அடைத்ததெல்லாம் இடைவெளியைத்தான். இடைவெளியே வேலை செய்யும் ஓரிடம் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எஞ்சினியர் இன்னும் ஏதோ சொன்னார். பேராசிரியை சிரித்துக்கொண்டே, “அன்னிக்கு நீங்க அவரை எச்சில் துடைக்கச் சொன்னீங்களாம். இன்னிக்குக் கணக்கு நேராயிடுச்சாம்” என்றார்.

“நேராயிடுச்சுன்னு நான் சொல்லல. வரட்டும், பாத்துக்குறேன்” என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போதே கோணப் பல் தெரிந்துவிட்டது. விசிட்டிங் கார்டு ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு சக்கரத்துக்குள் ஏறினாள். கணவர் மறுபக்கம் ஏறினார். பிளந்த இரண்டுக்கும் மாற்றுப் பல் அடித்து, மற்ற ஒவ்வொன்றின் முதுகையும் அரத்தால் சீவி, கார்டை நுழைத்துப் பார்த்து, அடுத்ததற்கு நகர்ந்தார்கள். கைகாலெல்லாம் மரத்தூள். கணவர், “இப்ப முன்கட்டும் பின்கட்டும் ஒண்ணாயிடுச்சு” என்றார். அவர் வாழ்க்கையில் பேசிய காதல் வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

விருந்தாளிகள் வந்த நாளன்று நான் போனபோது மாமியார் சக்கர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தது. முகத்தில் ஏதோ மாற்றம். கிண்ணத்தைப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

“என்ன பாக்குறே?” என்றாள் கிழவி, புதுப் பற்களுக்குப் பின்னாலிருந்து. “நாலு நாட்டுக்காரங்க வர்ற எடத்துல பொக்கை வாயோட போய் நின்னா, பல்லு கட்டுறவ வீட்டு லட்சணத்தைப் பாருன்னு சொல்ல மாட்டாங்களா? வீட்டு மானத்துக்காகப் போட்டேன். அவளுக்காக இல்ல.”

மருமகள் பார்த்தாள். கைப்பையிலிருந்து நீலக் காகிதத்தை எடுத்து, “கடிங்க அத்தை” என்றாள். கிழவி கடித்தாள். “சரியா இருக்கு” என்று காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

நீரேற்று நிலையத்தின் வளைந்த ஜன்னல்களைப் பணிமனை ஆட்கள் கழுவி வைத்திருந்தார்கள். பல நிறத்து முகங்கள், பல மொழிகள். எல்லார் கையிலும் கேமரா. கடல் தாண்டிய எஞ்சினியரும் வந்திருந்தார். காதில் கேட்கும் கருவி, சட்டைப் பையில் அரம். பல்செட்டம்மாவைக் கண்டதும் கைகுலுக்கும் முன்னால் கைக்குட்டையை எடுத்து வாயை அழுத்தித் துடைத்துக் காட்டினார். அவள் அந்த இடத்திலேயே வாயைத் திறந்து சிரித்தாள். தலைவர் வெள்ளை உடையும் பளபளக்கும் ஷூவுமாக முன்வரிசையில், பம்புத் தண்ணீர் விழ வேண்டிய ஓடையின் விளிம்பில் நின்றார். முகத்தில் எந்தப் பக்கமும் சாயாத சிரிப்பு.

வெளியே லாரி உறுமியது. குழாயில் காற்று சீறியது. இயந்திரத்தின் நீண்ட கரம் நடுங்கியது, நகரவில்லை. நான் பார்த்தது இயந்திரத்தை இல்லை, அவளை. மெழுகில் பல்லை ஊன்றும்போது போல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேராசிரியை கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

பிறகு கரம் எழுந்தது. படுக்கையில் நெடுநாள் கிடந்த ஆள் முதன்முதலில் எழுந்து உட்காரும்போது ஒரு வேகமும் ஒரு சந்தேகமும் சேர்ந்து வருமே, அப்படி. சக்கரம் ஒரு முழம் நகர்ந்தது. முன்னால் மாட்டிக்கொண்ட இடம் வந்தது. தாண்டியது. இன்னொரு முழம். பிறகு யாரும் அளக்கவில்லை, சுற்றிவிட்டது. முழுச் சுற்று. மறு சுற்று. பல் மோதும் சத்தமே இல்லை. மரம் இரும்பைத் தொட்டு விலகும் சத்தம், தூங்குகிறவரை எழுப்பாமல் யாரோ கதவைச் சாத்துவது போலத்தான் இருந்தது.

எஞ்சினியர் காதுக் கருவியைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிக் கேட்டார். மோதல் ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினார். அவர் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் பிரசவ அறைக்கு வெளியே அப்படிக் கத்தும் ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். குழாய் இருமியது, காறியது, துருவைத் துப்பியது. பிறகு பழுப்பாக, பிறகு தெளிவாக, ஓடை நிறைந்து விளிம்பு தாண்டித் தலைவரின் ஷூவை முழுக்க நனைத்தது. அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சொன்ன சொல்லு சொன்னதுதான்” என்றார் தண்ணீரில் நின்றபடியே. “இடிக்கிற பேச்சு இன்னியோட முடிஞ்சுது. வண்டி நிறுத்த வேற இடம் பாக்குறேன்.” கைதட்டலில் புறாக்கள் ஜன்னலைவிட்டுப் பறந்தன. மாமியார் என் கையைக் கிள்ளி, “என் மருமக!” என்று பக்கத்திலிருந்த வெளிநாட்டுக்காரியிடம் தமிழிலேயே சொன்னாள். அந்தப் பெண் புரிந்துகொண்டு தலையாட்டினாள்.

இரண்டு இயந்திரங்களையும் இரட்டையாகவே பதிவு செய்வதென்றும், ஒன்றின் அச்சு இன்னொன்றின் ஊரில் பத்திரமாக இருக்கும் என்றும் சங்கம் அங்கேயே அறிவித்தது. காகித ஆலை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவர், பல் உடைந்த தன் ஆலைச் சக்கரத்தின் படத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி அவளிடம் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு இன்னொருவர். பல் வைத்தியர் வீட்டு வாசல் போல வரிசை நின்றது. “ஒவ்வொருத்தரா வாங்க” என்றாள் பல்செட்டம்மா. அதை மொழிபெயர்க்கப் பேராசிரியை தேவைப்படவில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனபோது முன்னறை பூட்டியிருந்தது. மாமியார் ரொட்டியை மென்றுகொண்டு, “அங்கதான் போயிருக்கா. பல்லு கட்டின மறுநாள் எங்க உரசுதுன்னு பாக்காம விட மாட்டாளாம்” என்றாள்.

போய்ப் பார்த்தேன். அவள் சக்கரத்துக்கு அடியில் மண்டியிட்டு ஒவ்வொரு பல்லாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொள்ள நகரமன்றத் தலைவர் செருப்போடு வந்து நின்றிருந்தார். ஷூ காயவில்லை போலும். “அம்மா, ஒரு நிமிஷம் எழுந்து வந்தீங்கன்னா சேர்ந்து நின்னு...” என்று ஆரம்பித்தார்.

“இருங்க தலைவரே. இங்க ஒண்ணு பளபளன்னு இருக்கு, உரசியிருக்கு. அந்த டார்ச்சைக் கொஞ்சம் கீழே பிடிங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வெள்ளை உடையோடு எண்ணெய்த் தரையில் மண்டியிட்டு டார்ச்சைப் பிடித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பக்கமாகக் கையை மட்டும் நீட்டினாள். தலைவர் தரையில் கிடந்த அரத்தைத் தேடி எடுத்து, பிடியை அவள் பக்கம் திருப்பி, அந்தக் கையில் வைத்தார்.